துளி படாத இடம்

வாலுவின் காது நுனியில் சின்னதாக ஒரு கிழிசல், அவ்வளவுதான். ஆனால் அது தலையை உதறிய உதறலில் ஹாலின் வெள்ளைச் சுவர் முழுக்க ரத்தம் பொடிப்பொடியாகத் தெறித்திருந்தது. சன்னல் ஓரத்தில் ஆரம்பித்து நடை வாசல் வரைக்கும் ஒரே புள்ளிமயம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

அதை அவள் பார்த்தாளே தவிர, மனதில் வாங்கவில்லை. ரத்தத்தைக் கண்டதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தவறு அவளுடையதுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் சுவரோரமாக முக்காலியைப் போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை வரப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்குப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற வெளிச்சம். வாலு எங்கிருந்தோ வந்து அவளுக்கும் சுவருக்கும் நடுவில் தன் உடம்பைத் திணித்துக்கொண்டது. நகர்த்தினாள். மறுபடியும் திணித்தது. சுவரைப் பார்த்து அடித்தொண்டையில் ஓர் உறுமல். “என்னடா உனக்கு?” என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் கிண்ணம் கவிழ்ந்து பட்டாணியெல்லாம் தரை முழுக்க உருண்டோடியது. வந்த கோபத்தில் அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய்ப் பின்கதவுக்கு வெளியே தள்ளினாள். அந்தக் கொசுவலைக் கதவின் ஓரத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே அவள் கணவன் “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிற கம்பி. வெளியே போன வேகத்திலேயே வாலு அவள் காலிடுக்கில் புகுந்து உள்ளே ஓடி வந்தது. கம்பி அதன் காதைக் கிழித்தது. அது கத்தக்கூட இல்லை. நேராக ஹாலுக்கு ஓடி, அந்தச் சுவர் முன்னால் நின்று தலையை உதறியது.

பேர்தான் வாலு, அதற்கு வால் பாதிதான். கண் திறக்காத நாய்க்குட்டியாகச் சாக்கடை ஓரத்தில் கிடந்ததைத் தூக்கி வந்து, கண்ணுக்கு மருந்து விடுகிற ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்து வளர்த்தாள். இரண்டே பேர் இருக்கிற வீடு. கணவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் ஒருத்திதான். அந்த ஒருத்தியோடு வீட்டுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிற இன்னோர் உயிர் அது.

அதன் காதைக் கையால் பொத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டு நர்ஸ் அக்கா டியூட்டிக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி, யாரைடி வெட்டிட்டு வந்தே?”

“வாலு காது கிழிஞ்சுடுச்சுக்கா. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.”

“நான் மனுஷங்களுக்கு நர்ஸுடி. சரி, காது காதுதானே, காட்டு.” குனிந்து பார்த்தாள். “ஒண்ணுமில்ல. காதுல ரத்தக்குழாய் தோலை ஒட்டியே ஓடும். அதான் இத்துனூண்டு காயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். தையலெல்லாம் வேண்டாம். சுத்தமான துணியை மடிச்சு அழுத்திப் பிடி. நின்னுச்சா நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பார்க்காதே. நின்னதும் உப்புத் தண்ணில துடைச்சு, காதைத் தலைமேல மடிச்சு வெச்சு, சாக்ஸ் ஒண்ணை வெட்டித் தொப்பி மாதிரி மாட்டி விடு. இறுக்கிடாதே, ரெண்டு விரல் உள்ள போகணும்.”

“ஆறிடுமாக்கா?”

“காயம் பெருசே இல்ல. தலையை உதறாம இருந்தா ஆறிடும். உதறுச்சுன்னா திரும்பத் திறந்துக்கும்.” கைப்பையிலிருந்து காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தாள். “எதுக்கு உதறுதுன்னு பாரு. அதை நிறுத்தினா எல்லாம் சரியாப் போயிடும்.”

சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வாலுவின் தலையை மடியில் வைத்து, மடித்த துணியால் காதை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். கைக்குள் காது கதகதவென்றிருந்தது. ரத்த வாடையும் நாய் வாடையும் ஈர மண் வாடையும் கலந்து வந்தன. சுவர்க்கடிகாரத்தின் சத்தமும் வாலுவின் மூச்சும் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. அவள் ஏதேதோ பேசினாள், மன்னிப்புக் கேட்டாள், பிஸ்கட் தருவதாக ஆசை காட்டினாள். பிஸ்கட் என்ற சொல்லுக்கு வாலு எப்போதும் எழுந்து நின்றுவிடும். இப்போது அது காதில் வாங்கவே இல்லை. அதன் கண்கள் அவள் முகத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தன.

ரத்தம் நின்றது. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். கணவனின் சாக்ஸில் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டுக் குழாய் மாதிரி இருந்த மேல்பகுதியை வாலுவின் தலையில் மாட்டினாள். ஒரு காது மடங்கி உள்ளே போய்விட்டது, மறு காது வெளியே விறைத்து நின்றது. வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

“வேலை முடிஞ்சுது. இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்” என்றான் கணவன். “தோட்டக்காரரும் வேனோட கூட வர்றாரு.”

“அவர் எதுக்கு?”

“தெரியாத மாதிரி கேளு. நாய் விஷயந்தான். அவர் தோட்டத்துல காலாற நடக்க இடம் இருக்கு. சங்கிலி போட்டுக் கட்டிப்பாரு.”

“இப்ப நல்லா இருக்குங்க. நீங்க போனதுலேருந்து குரைக்கவே இல்ல.”

“நான் வரும்போது சாதுவா இருந்தா பார்ப்போம். இல்லாட்டி இன்னிக்கே ஏத்தி விட்டுடுவேன். அன்னிக்கு உன் கழுத்துக்குப் பாய்ஞ்சதை நான் என் கண்ணால பார்த்தேன். நான் இல்லாத நேரத்துல உன்னைக் கடிச்சுக் குதறிடுச்சுன்னா நான் என்ன பண்றது?”

பாய்ந்தது உண்மைதான். போன வாரம் அவள் ஹாலில் தலை சீவிக்கொண்டிருந்தபோது வாலு ஒரே தாவாகத் தாவி, அவள் தோளுக்குப் பின்னால் காற்றைக் கடித்தது. அவள்மேல் பல் படவில்லை. அதை எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லை. மனைவிமேல் உயிரையே வைத்திருக்கிறவன். அவனிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

ஆகவே அவளுக்கு முன்னால் இப்போது இருந்தது ஒரே ஒரு காரியம். இருட்டுவதற்குள் சுவரில் ரத்தக்கறை இருக்கக் கூடாது, வாலு சாதுவாக ஒரு மூலையில் படுத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் வாலு வேனில் ஏறிவிடும்.

தெருவில் அவளுக்குப் பெயின்டரம்மா என்று பேர். பெயின்டர் வீடு எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள் அந்த வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ஊரில் எந்த வீட்டில் வேலை நடந்தாலும் மிச்சம் விழுகிற பெயின்ட் பெயின்டர் வீட்டுக்குத்தான் வரும். சமையலறைக்கு ஒரு பல் டாக்டரின் பச்சை, படுக்கையறைக்கு ஏதோ பள்ளிக்கூடத்தின் நீலம், நடைக்கு ஒரு பாங்கின் வெளிர் மஞ்சள். போதாமல் போனதால் குளியலறைக் கதவில் பாதி சிவப்பு, பாதி சாம்பல். ஒரு சொட்டு வீணாக்க மாட்டான் அவள் கணவன். “நம்ம வீட்ல ஊரே இருக்கு” என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வான்.

ஹாலின் வெள்ளை மட்டும் ஒரு பெரிய வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் ஒரே ஓர் அறைக்குத்தான் வேலை. சுவர் நன்றாகத்தான் இருந்தது, விரிசலோ ஈரமோ இல்லை, இருந்தாலும் நாலு கோட் அடிக்கச் சொன்னார்களாம். ஏற்கெனவே பூச்சுமேல் பூச்சாக அடித்து அடித்து, சுவிட்ச் போர்டு சுவருக்குள் அமுங்கிப் போயிருந்ததாம். “பணக்காரங்க கிறுக்கு” என்று சிரித்தான். ஆனால் அந்த வேலை முடிகிற வரைக்கும் தினமும் வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். கேட்டதற்கு, வெளிச்சம் போதவில்லை என்றான். கடைசி நாள், மிச்சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னார்களாம். டப்பா, ரோலர், பிரஷ், தரையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட், எல்லாவற்றையும். வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கினான். அந்த வாரமே ஹால் வெள்ளையானது. அந்த வாரத்திலிருந்துதான் வாலு ஹாலில் படுப்பதை விட்டது.

ஈரத்துணியோடு சுவர் முன்னால் நின்றபோதுதான் துளி படாத அந்த இடத்தை அவள் சரியாகப் பார்த்தாள்.

முக்காலிதான் மறைத்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் முக்காலி மறைத்த இடம் தனியாகத் தெரிந்தது, கீழே, சின்னதாக. அதற்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி இன்னொன்று. கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் உருண்டை. ஒருத்தர் குத்துக்காலிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் எவ்வளவு இடம் பிடிப்பாரோ அவ்வளவு. அதைச் சுற்றித் துளிகள் நெருக்கமாக இருந்தன. அதற்குள் ஒன்றுகூட இல்லை. தரையில் சிந்தியிருக்கும் என்று குனிந்து பார்த்தாள். அதற்கு நேர்கீழே பட்டாணி மட்டுமே கிடந்தது.

அப்படியென்றால் அந்தத் துளிகள் எங்கே போயின?

மேற்கொண்டு யோசிக்க அவளுக்கு இஷ்டமில்லை. நாய் தலையை எப்படித் திருப்பியதோ, எப்படித் தெறித்ததோ, யார் கண்டார்கள்! பரபரவென்று துடைத்தாள். துளிகள் முதலில் இளஞ்சிவப்பாகப் பரவி, அலசி அலசித் துடைத்ததில் மங்கி, ஒருவழியாகப் போயின. பெயின்டர் பெண்டாட்டிக்குச் சுவர் துடைக்கத் தெரியாதா என்ன? மேலே ஒரு கை வெள்ளை அடித்துவிட்டால் அவள் கணவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. நைட்டியில் பெயின்ட் படாமலிருக்க, கணவன் இன்னும் போட்டுப் பார்க்காத புது வேலைச்சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டாள். வெள்ளைச் சட்டை, கஞ்சி வாசனை போகாத சட்டை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

டப்பாவை எடுக்கச் சமையலறைப் பக்கம் போனபோது வாலு எழுந்து நின்றிருந்தது. முதுகில் முடி சிலிர்த்திருந்தது. நடையைப் பார்த்து உறுமியது. சத்தமான உறுமல்கூட இல்லை. தொண்டைக்குள் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

“வேண்டாண்டா. என் ராசா இல்ல? அவர் வர்ற நேரம்டா.”

அது அவளைத் தாண்டி நடைக்குப் போய் நின்றது. வெளியே நின்ற ஒற்றைக் காது மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது. யாரோ நடந்து போவதைக் கேட்கிற மாதிரி, சுவரோரமாகவே, ஹாலிலிருந்து சமையலறைப் பக்கமாக. பிறகு அது தலையை உதறியது. சாக்ஸ் தொப்பி நழுவியது, காது படபடவென்று அடித்துக்கொண்டது, மஞ்சள் சுவர் புள்ளி புள்ளியானது.

அவள் பாய்ந்து காதைப் பிடித்தாள். பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

மஞ்சள் சுவரிலும் ஓர் இடத்தில் துளி இல்லை. இந்த முறை அது உட்கார்ந்த அளவில் இல்லை. தரையிலிருந்து கிளம்பி நேராக மேலே போனது. ஒடுங்கலாக, நீளமாக. அவள் தலைக்கும் மேலே ஒரு சாண் போய், அங்கே உருண்டு முடிந்தது. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது அது. இத்தனை நேரம் அவள் துணி அலசிக்கொண்டிருந்த தொட்டிக்கு ஓர் எட்டுதான்.

வாலுவை அப்படியே தூக்கிச் சமையலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இரண்டு தடவை தட்டி இறக்கினாள். காயம் திறந்துகொண்டு ரத்தம் தரையெல்லாம் சொட்டியது. வேலை, வேலை, கையில் வேலை இருந்தால் பயம் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தரையாவது பாழாகாமல் இருக்கட்டும் என்று பரணுக்குக் கீழே மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து விரித்தாள். அதன்மேல் வாலுவைப் படுக்க வைத்து, காதை மடித்து அழுத்தினாள். எடுத்து எடுத்துப் பார்க்காதே என்று அக்கா சொல்லியிருந்தாளே. பார்க்கவில்லை. ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷீட் முழுக்க ரோலரிலிருந்து தெறித்த வெள்ளைப் புள்ளிகள். பொடியாக, நெருக்கமாக, நாலு கோட்டும் சேர்ந்து. பெரிய வீட்டு ஷீட்தான். ஓரத்தில் டேப் ஒட்டிய தடம்கூட அப்படியே இருந்தது.

டேப் ஓரத்துக்குச் சற்று இந்தப் பக்கம், பக்கத்தில் பக்கத்தில், வெள்ளை படாத இரண்டு இடங்கள். இரண்டு பாதங்கள்.

கணவன் நின்ற இடமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவனுடைய பாதம் அவளுக்குத் தெரியாதா? ஏணி ஏறி ஏறி அகன்றுபோன பாதம், கட்டைவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இவை ஒடுங்கலாக, நீளமாக இருந்தன. அதுவும் போகட்டும். பெயின்ட் அடிக்கிறவன் ஒரே இடத்தில் நிற்பானா? நகர்ந்துகொண்டேதான் இருப்பான். இவை நாலு கோட் அடித்து முடிகிற வரைக்கும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

டேப் ஒட்டிய ஓரம் சுவர்ப்பக்கம். பெயின்ட் அடிக்கிறவன் சுவரைப் பார்த்து நிற்பான். இந்தப் பாதங்களின் குதிகால் சுவர்ப்பக்கம் இருந்தது. விரல்கள் அறையைப் பார்த்திருந்தன. வேலை செய்கிறவனின் முகத்துக்கு நேராக.

ஷீட்டிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள்.

வாலு ஒருநாளும் அவளைக் கடிக்க வரவில்லை. அந்த வாரத்திலிருந்து அது செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவள் உட்கார்ந்தால் அவளுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. அவள் எழுந்தால் கூடவே எழுந்தது. அவளோ அதைத் திட்டினாள், இழுத்தாள், வெளியே தள்ளினாள். அழுகை வந்தது. அதன் தலையைக் கட்டிக்கொண்டாள். ரத்தம் நிற்கிற வரைக்கும் அப்படியே இருந்தாள். மறுபடியும் தொப்பியை மாட்டினாள். இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள்.

அவர் வரட்டும். வந்ததும் இந்த ஷீட்டைக் காட்டினால் போதும். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் ஒரு பெயின்டருக்குப் புரியும்.

ஆனால் அதுவரைக்கும்? கதவுக்கு அந்தப் பக்கம் அது இன்னும் நிற்கிறதா? தெரியாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்துகொள்வதைவிடக் கொடுமையாக இருந்தது. பெயின்டர் வீட்டில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ளவா வழியில்லை? வெள்ளை டப்பாவைத் திறந்தாள். பிரஷை முக்கினாள். கதவை ஒருக்களித்துத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, நடைக்குள் பிரஷை ஓங்கி உதறினாள். இரண்டு தடவை. மூன்று தடவை.

கண்ணைத் திறந்தாள்.

மஞ்சள் சுவர் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். துளி படாதிருந்த அந்த இடத்திலும் படபடவென்று விழுந்திருந்தன. மேலே, கீழே, நடுவில். ஓர் இடம்கூட பாக்கியில்லை. அங்கே யாரும் இல்லை.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தாள். பைத்தியக்காரி, வீட்டைப் பாழாக்கி வைத்திருக்கிறாயே, உன்னை வேனில் ஏற்றாமல் நாயையா ஏற்றுவார் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பிரஷோடு நடையைத் தாண்டி ஹாலுக்கு வந்தாள். இன்னும் நேரமிருக்கிறது. ஹாலுக்கு ஒரு கை வெள்ளை, நடைக்குக் கொஞ்சம் மஞ்சள். சன்னலுக்கு வெளியே மழை, அதற்கு அப்பால் ஒரு வண்டியின் சத்தம். துடைத்த சுவர் காய்ந்து, பளிச்சென்று, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. விளக்கைப் போட்டாள்.

அங்கே இல்லை. சரி.

அப்படியானால் எங்கே?

அந்த யோசனை வந்ததும் பிரஷைப் பிடித்த கை நின்றுவிட்டது.

வாலு நடை வாசலில் வந்து நின்றது. தலையைத் தாழ்த்தியிருந்தது. உதடு மேலேறிப் பற்கள் முழுக்கத் தெரிந்தன. அது சுவரைப் பார்க்கவில்லை. நடையைப் பார்க்கவில்லை.

அவளைப் பார்த்தது.

“வாலு?”

உறுமியது.

“வாலு, நான்தாண்டா.”

ஓர் அடி பின்னால் வைத்தது. அவளிடமிருந்து அது ஒருநாளும் பின்வாங்கியதில்லை. கண்கள் அவள் கண்களைப் பார்க்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. கொஞ்சம் தள்ளி. தோளுக்கு மேலே. ஒரு சாண் மேலே.

வாசலில் வண்டி நின்றது. கதவு திறந்து மூடுகிற சத்தம். இரண்டு ஆண் குரல்கள்.

வாலு தலையை உதறியது.

தொப்பி பறந்து விழுந்தது. சூடாக முகத்தில் தெறித்தது. உதட்டில் உப்புக் கரித்தது. அது உதறிக்கொண்டே இருந்தது. உதறி உதறி உதறி, காது கிழிந்து தொங்குகிற வரைக்கும்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

வெள்ளைச் சுவர் சிவந்திருந்தது. நடுவில் வெள்ளையாக அவள் உருவம். தலை, தோள்கள், பிரஷைப் பிடித்த கை. அச்சு எடுத்த மாதிரி அவளேதான்.

அதை ஒட்டி இன்னொன்று.

உயரமாக. ஒடுங்கலாக. அவளுடையது எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி நெருங்கி. தலை குனிந்திருந்தது. அவள் காதுப் பக்கமாக.

சாவி திரும்பியது. கதவு திறந்தது. கணவன் நனைந்துபோய் நின்றான். அவன் பார்த்தது அவள் முகமெல்லாம் ரத்தம். அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற நாய்.

“ஐயோ! கடிச்சுடுச்சா? எங்க கடிச்சுது? சொன்னேன், அன்னிக்கே சொன்னேன்!”

“வாலுவை...” என்றாள். “வாலுவை விடுங்க. அதை வெளிய...”

“வெளியதான். இதோ, இப்பவே. அண்ணே, சங்கிலியக் கொண்டாங்க!”

அவன் வாலுவின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். அது அவனைக் கடிக்கவில்லை. நாலு கால்களாலும் தரையைப் பிறாண்டிக்கொண்டு, அவளுக்கு நேராக, அவள் தோளுக்கு நேராக, குரைத்தது. குரைத்துக் குரைத்து ஊளையாகியது. தோட்டக்காரரும் சேர்ந்து இழுத்தார். தரையில் நகங்கள் கீறுகிற சத்தம் வாசல் வரைக்கும் போனது.

“நீ அசையாத. அங்கயே நில்லு. ஏத்திட்டு வந்துடறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

கதவு சாத்திக்கொண்டது. வேனின் பின்கதவு டமாலென்று மூடியது. ஊளை தகரத்துக்குள்ளிருந்து வந்தது.

பிறகு மழை மட்டும்.

அவள் அசையவில்லை. அசைய முடியவில்லை. குனிந்து, தன் சட்டையைப் பார்த்தாள்.

வெள்ளைச் சட்டை முழுக்கத் துளிகள். நெஞ்சில், கையில், காலரில். இடது தோளில் மட்டும் இல்லை. அங்கே சுத்தமான வெள்ளையில் ஒரு கை. முதுகுப் பக்கமிருந்து வந்து தோளைப் பிடித்திருந்தது. நீளமான, ஒடுங்கலான விரல்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இடத்தில் மட்டும், சட்டைத் துணி மெல்ல அமுங்கியது.